ஐந்தாவது அப்பம் எங்கே: தப்காவில் ஒரு வழிகாட்டியின் சேவை பற்றி

புனித தேசப் பயணம் போய்வந்தவர்கள் எழுதும் மதிப்பீடுகளில் விடுதி அறை, மூன்று வேளை உணவு, பேருந்தின் குளிர்வசதி ஆகியவை தவறாமல் வந்துவிடுகின்றன. வழிகாட்டி வேதத்தை எப்படி விளக்கினார் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஆனால், பலர் ஆண்டுக்கணக்கில் சேமித்து, சிலர் தமிழ்நாடு அரசின் உதவித்தொகையையும் பெற்று இந்தப் பயணத்தை மேற்கொள்வது மெத்தையின் மென்மையைச் சோதிப்பதற்காக அன்று. சிறு வயது முதல் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைகள் நடந்த மண்ணில் நின்று, அந்தக் கதைகளை இன்னொரு முறை கேட்பதற்காகத்தான். ஆகவே, 2019 மார்ச் மாதத்தில் நாங்கள் நாற்பத்தொரு பேர் சென்ற பயணத்தில், கலிலேயாக் கடலோரத்தில் உள்ள தப்கா என்ற ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே எங்களுக்குக் கிடைத்த சேவையைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இந்தக் குறை அவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்காததே காரணம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். விமானம், விசா, எல்லைக் கடப்பு எதிலும் தடங்கல் இல்லை. திபேரியாவில் தங்கிய விடுதி சுத்தமாக இருந்தது. பேருந்து ஓட்டுநர் முதியோர் ஏறி இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். எல்லோருக்கும் காதில் மாட்டிக்கொள்ளும் சிறிய கேட்புக் கருவி தரப்பட்டது. வழிகாட்டி ஐம்பதடி தள்ளி நின்று பேசினாலும் தெளிவாகக் கேட்டது. அவர் ஆங்கிலத்தில் பேச, எங்களோடு வந்திருந்த குருவானவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

தப்கா திபேரியாவிலிருந்து வடக்கே ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், கலிலேயாக் கடல் என்று அழைக்கப்படும் ஏரியின் வடமேற்குக் கரையில் உள்ளது. கடல் மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் கீழே இருக்கும் பள்ளம் ஆகையால் மார்ச் மாதத்திலும் வெயில் இதமாகச் சுட்டது. ‘ஏழு ஊற்றுகள்’ என்று பொருள்படும் ஹெப்தாபெகோன் என்ற கிரேக்கப் பெயர்தான் அரபு நாவில் உருமாறித் தப்கா ஆனது. ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேரை இயேசு போஷித்த இடமாக நான்காம் நூற்றாண்டு முதல் இது மதிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த எகேரியா என்ற பெண் பயணியின் குறிப்பாக நமக்குக் கிடைத்துள்ள பகுதி, புல்வெளி, பேரீச்ச மரங்கள், வற்றாத ஏழு ஊற்றுகள் ஆகியவற்றோடு, ஆண்டவர் அப்பத்தை வைத்த கல் பலிபீடமாக்கப்பட்டிருப்பதையும், வருகிறவர்கள் நலம் வேண்டி அதிலிருந்து சில்லுகளைப் பெயர்த்துக்கொண்டு போவதையும் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் பெரிதாகக் கட்டப்பட்ட ஆலயம் பின்னர் அழிந்து மண்ணுக்குள் மறைந்தது. 1932-இல் அகழ்ந்தபோது தரையின் மொசைக் ஓவியங்கள் வெளிப்பட்டன. இன்று நாம் பார்க்கும் எளிமையான கல் ஆலயம் 1982-இல் அர்ப்பணிக்கப்பட்டது. பெனடிக்ட் சபைத் துறவிகள் அதைப் பராமரிக்கிறார்கள். 2015 ஜூன் மாதத்தில் தீவைப்பு ஒன்றில் முன்பகுதி எரிந்து, சீரமைக்கப்பட்டு, 2017-இல் மறுபடியும் திறக்கப்பட்டது. முற்றத்துச் சிறு குளத்தில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் எங்கள் குழுவில் பேச்சு தானாக நின்றது.

அந்த அமைதியில் யாராவது ஒருவர் வேதத்தைத் திறந்து மாற்கு ஆறாம் அதிகாரத்தை வாசித்திருக்க வேண்டும். வாசிக்கவில்லை. என்னுடைய முதல் குறை இதுதான். வழிகாட்டி நேரடியாக விளக்கத்துக்குப் போனார். கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் கதை தெரியும் என்று அவர் எண்ணியிருக்கலாம். நமக்குத் தெரிந்த கதை பெரும்பாலும் நான்கு சுவிசேஷங்களையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலந்த கதை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. உயிர்த்தெழுதலை விட்டால் நான்கு சுவிசேஷங்களிலும் இடம்பெறும் அற்புதம் இது ஒன்றுதான். ஆனால் அப்பங்களையும் மீன்களையும் வைத்திருந்த பையன் யோவானில் மட்டுமே வருகிறான், பச்சைப் புல் மாற்குவில்தான் பச்சையாக இருக்கிறது, ‘ஸ்திரீகளும் பிள்ளைகளும் தவிர’ என்று சேர்ப்பவர் மத்தேயு மட்டுமே, பெத்சாயிதா என்ற ஊரின் பெயரைச் சொல்லித் தொடங்குபவர் லூக்கா மட்டுமே. விளக்கம் கேட்கும் முன் இவற்றில் ஒன்றையாவது முழுமையாகக் காதில் வாங்கியிருந்தால், அடுத்து நடந்த மனத்தாங்கல் நடந்திருக்காது.

வழிகாட்டி சொன்னது இது: அக்காலத்தில் பயணம் போகிறவர்கள் மடியில் உணவு முடிந்துகொண்டுதான் புறப்படுவார்கள்; அங்கிருந்தவர்களிடமும் உணவு இருந்தது; பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க நேருமே என்று மறைத்து வைத்திருந்தார்கள்; இயேசு தம்மிடம் இருந்த கொஞ்சத்தையும் பகிர்வதைக் கண்டதும் வெட்கப்பட்டு வெளியே எடுத்தார்கள்; அவர்களுடைய மனம் திறந்ததே உண்மையான அற்புதம். அவர் இதைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை, ஆனால் இதற்கு ஒரு வரலாறு உண்டு என்றும் சொல்லவில்லை. ஹைடல்பெர்க்கில் இறையியல் பேராசிரியராக இருந்த பவுலுஸ் என்ற ஜெர்மானியர் 1828-இல் வெளியிட்ட இயேசுவின் வரலாற்றில் அற்புதங்களை இயற்கைக் காரணங்களால் விளக்கும் முறை முழு உருப்பெற்றது. இந்தப் பகிர்வு விளக்கமும் அந்த முறையைச் சேர்ந்தது. ஏழே ஆண்டுகளில், 1835-இல், ஸ்ட்ராவுஸ் என்ற இன்னொரு ஜெர்மானிய இறையியலாளர் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் அற்புதத்தை நம்பியவர் அல்லர். வசனத்தில் இல்லாத ஒரு நிகழ்ச்சியைக் கற்பித்து வசனத்தின் இடத்தில் வைப்பது விளக்கமாகாது என்பது அவருடைய நிலை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வரும் ஒரு கருத்தை, அதன் எதிர்வாதத்தின் நிழல்கூடப் படாமல், முடிந்த முடிவைப்போல் பயணிகளின் காதுக்குள் சொல்வதை நல்ல சேவை என்று நான் ஏற்கவில்லை.

அதைவிட, அந்த விளக்கம் வசனத்தோடு பொருந்துவதில்லை. கிராமங்களுக்குப் போய் அப்பம் வாங்கிக்கொள்ள மக்களை அனுப்பிவிடும்படி சீஷர்கள் கேட்பதற்குக் காரணமே அவர்களிடம் உண்ண ஒன்றுமில்லை என்பதுதான். மாற்கு எட்டாம் அதிகாரத்தில் வரும் நாலாயிரம் பேரின் கதையில் மூன்று நாள் கூடவே இருந்து கையில் எதுவும் இல்லாமல் போனவர்கள் என்று இயேசுவே அவர்களைக் குறிப்பிடுகிறார். மூன்று நாள் பசித்தவர்கள் மடியில் அப்பத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. என்னை வருத்தியது இன்னொன்று. கலிலேயாவின் ஏழை விவசாயிகளையும் மீனவர்களையும், பக்கத்துப் பிள்ளை பசித்திருக்கத் தம் உணவை ஒளித்துவைக்கும் கஞ்சர்களாக அந்த விளக்கம் ஆக்கிவிடுகிறது. சுவிசேஷத்தில் அந்தக் கூட்டத்தைப் பற்றி அப்படி ஒரு சொல் இல்லை. மேய்ப்பனில்லாத ஆடுகள் என்றுதான் இருக்கிறது. அவர்கள்மேல் அவர் மனதுருகினார் என்றுதான் இருக்கிறது.

எங்கள் குருவானவர் அதுவரை மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர், இந்த இடத்தில் மொழிபெயர்ப்பை நிறுத்தினார். இது அவிசுவாசம், கேட்க வேண்டாம் என்றார். பிறகு அவரே ஒரு விளக்கம் தந்தார்: இயேசுவின் கைகளில் அப்பங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் மலைபோல் குவிந்தன, சீஷர்கள் வாரி வாரிக் கொண்டுபோனார்கள், இதை எப்படி என்று கேட்பதே பாவம். அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அவரும் வசனத்தில் இல்லாததைத்தான் சேர்த்தார். நான்கு சுவிசேஷங்களையும் வரிவரியாகத் தேடினாலும், அப்பம் ‘பெருகியது’ என்ற சொல் எங்கேயும் இல்லை. குவிந்ததை யாரும் பார்த்ததாக எழுதப்படவில்லை. கேள்வி கேட்பது பாவம் என்பதும் மாற்கு சொல்லும் கதைக்கு எதிரானது. எட்டாம் அதிகாரத்தில் படகில் வைத்து, ஐயாயிரம் பேருக்குப் பிட்டபோது எத்தனை கூடை எடுத்தீர்கள், நாலாயிரம் பேருக்குப் பிட்டபோது எத்தனை கூடை எடுத்தீர்கள் என்று இயேசுவே சீஷர்களிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறார், இன்னும் புரியவில்லையா என்று முடிக்கிறார். அந்த அற்புதத்தை நேரில் பார்த்தவர்களே அப்பங்களின் பொருளை உணரவில்லை என்று ஆறாம் அதிகாரம் 52-ஆம் வசனம் சொல்லும்போது, முப்பத்தைந்து நிமிடங்களில் அதை முடித்துவைக்க நாம் யார்?

ஆம், எங்களுக்குத் தப்காவில் கிடைத்த நேரம் முப்பத்தைந்து நிமிடங்கள். அதில் பத்து நிமிடங்கள் படம் எடுப்பதில் போயின. வழிகாட்டியும் குருவானவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றதில் இன்னும் சில நிமிடங்கள். எங்களில் பாதிப்பேர் ஒருவர் பக்கமும் மீதிப்பேர் இன்னொருவர் பக்கமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்திருந்த எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர்தான் குருவானவரிடம் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, நான் நாப்பது வருஷமா அசனத்துக்குப் பந்தி வெளம்புறேன். சோறு எப்பம் கூடுச்சு, எப்பம் கொறஞ்சுதுன்னு வெளம்புறவளுக்குத் தெரியாது. கையில இருக்கத வெச்சிக்கிட்டே போவோம். கடைசியில கடகப்பெட்டியப் பாத்தாத்தான் தெரியும்.”

அசனப் பண்டிகையை அறியாதவர்களுக்காக ஒரு சொல். நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்துச் சபைகளில் ஆண்டுதோறும் ஊரே கூடிச் சமைத்து, சாதி, வசதி பாராமல் எல்லோரும் பந்தியில் அமர்ந்து உண்ணும் பெருவிருந்து அது. அந்த அம்மா அங்கே நின்று சொன்னதைக் கேட்டபோதுதான், பழைய தமிழ் வேதாகமத்தில் நான் பலமுறை வாசித்துக் கடந்துபோன ஒரு சொல் எனக்குள் விழித்தது. மாற்கு 6:39-இல், எல்லாரையும் பசும்புல்லின்மேல் ‘பந்திபந்தியாக’ உட்காரும்படி அவர் கட்டளையிட்டார் என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அங்கே ஸிம்போஸியா என்ற சொல் இரட்டித்து வருகிறது. விருந்துக்கு ஒன்றாய் அமர்கிற கூட்டத்தைக் குறிக்கும் சொல் அது. பந்தி என்பதைவிடப் பொருத்தமான சொல்லை வேறு எந்த மொழியிலும் மொழிபெயர்ப்பாளர்கள் கண்டிருப்பார்களா என்று எனக்கு ஐயம் உண்டு. அடுத்த வசனத்தில் ‘வரிசை வரிசையாக’ என்று தமிழில் வரும் இடத்தில் கிரேக்கம் ப்ராஸியாய் ப்ராஸியாய் என்கிறது. அதன் நேர்ப்பொருள் தோட்டப் பாத்தி. பச்சைப் புல்வெளியில், கீரைப் பாத்திகள்போல் கட்டம் கட்டமாக, நூறுநூறு பேராகவும் ஐம்பதைம்பது பேராகவும் மனிதர்கள் அமர்ந்திருக்கும் காட்சி. இதே அதிகாரத்தில் இதற்குச் சற்று முன்புதான் ஏரோதின் பிறந்தநாள் விருந்து நடந்திருக்கிறது; பிரபுக்களும் சேனாதிபதிகளும் அமர்ந்த அந்தப் பந்தியில் யோவான்ஸ்நானனின் தலை தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. அரண்மனைப் பந்தியை ஒட்டினாற்போல் புல்வெளிப் பந்தியை மாற்கு வைத்திருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. யார் உண்மையான ராஜா, யார் உண்மையான மேய்ப்பன் என்ற கேள்வியைத்தான் இந்த இரண்டு விருந்துகளும் கேட்கின்றன. புல்லுள்ள இடத்தில் மேய்க்கும் கர்த்தரைப் பாடும் இருபத்துமூன்றாம் சங்கீதம் அந்தப் பச்சைப் புல்லுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டியின் விளக்கமும் குருவானவரின் விளக்கமும் ‘எப்படி’ என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டதால், இது எதுவும் எங்கள் குழுவினர் காதில் விழவில்லை.

‘எப்படி’ என்ற கேள்விக்கே வசனம் ஓரளவு பதில் தருகிறது என்றால், அது ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. எடுத்தார், ஆசீர்வதித்தார், பிட்டார், கொடுத்தார் என்று நான்கு செயல்கள் வருகின்றன. கடைசி இராப்போஜனத்தில் வரும் அதே நான்கு. இவற்றில் ‘பிட்டார்’ என்பது ஒருமுறை நடந்து முடிந்த செயலாகவும், ‘கொடுத்தார்’ என்பது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் செயலாகவும் மாற்குவின் கிரேக்கத்தில் அமைந்துள்ளன. அதாவது, கொடுத்துக்கொண்டே இருந்தார். தமிழால் இதை மிக எளிதாகச் சொல்ல முடியும், ஆனால் நம் மொழிபெயர்ப்பில் வெறுமனே கொடுத்தார் என்றே இருக்கிறது. “கையில இருக்கத வெச்சிக்கிட்டே போவோம்” என்று அந்த அம்மா சொன்னதில் அந்த வினைச்சொல் முழுமையாக இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதை மாற்கு காட்டவில்லை. எல்லாரும் சாப்பிட்டுத் திருப்தியடைந்தார்கள் என்று கூடைகளுக்குப் போய்விடுகிறார்.

கூடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐயாயிரம் பேர் கதையில் மீந்தது பன்னிரண்டு கூடை, நாலாயிரம் பேர் கதையில் ஏழு கூடை. தமிழில் இரண்டும் கூடை. கிரேக்கத்தில் முதலாவது கோபினோஸ், இரண்டாவது ஸ்பிரிஸ். தமஸ்குவின் மதிலிலிருந்து அப்போஸ்தலன் பவுலை இறக்கிவிட்டது இந்த இரண்டாவது வகைக் கூடையில்தான், ஆகவே அதில் ஒரு மனிதர் உட்காரலாம். படகில் இயேசு கேள்வி கேட்கும்போதும் இரண்டு சொற்களும் இடம் மாறாமல் வருகின்றன. சிறிய ஓலைக் கொட்டானுக்கும் பெரிய கடகப்பெட்டிக்கும் வேறுபாடு தெரிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் ஒரு நொடியில் புரியும், அன்றைக்கு அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

இதுவரை குறைகளையே எழுதினேன். அந்த வழிகாட்டியின் திறமை வெளிப்பட்ட இடம் மொசைக். அதற்கு அவருக்கு முழு மதிப்பெண் தருகிறேன். பலிபீடத்தின் அடியில் செதுக்கப்படாத சுண்ணாம்புக்கல் ஒன்று இருக்கிறது. எகேரியாவின் குறிப்பில் வரும் கல்லாக அது மதிக்கப்படுகிறது. அதன் அருகே தரையில், ஒரு கூடை நிறைய அப்பங்களும் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு மீன்களும் சிறுசிறு கற்களால் பதிக்கப்பட்டுள்ளன. அவர் எங்களை அப்பங்களை எண்ணச் சொன்னார். சிலுவைக் குறியிட்ட வட்ட அப்பங்கள் நான்குதான் இருந்தன. இன்னொரு முறை எண்ணினோம். ஐந்தாவது எங்கே என்று எங்களையே கேட்டுவிட்டு, அவர் கையைச் சற்று உயர்த்திப் பலிபீடத்தின் மேற்பரப்பைக் காட்டினார். அவர் வாய் திறக்கவில்லை. திருவிருந்து அப்பம் வைக்கப்படும் இடம் அது. சண்டையில் இருந்த குருவானவரும் அந்த நொடியில் தலையசைத்தார். ஒரு விளக்கம் இப்படி இருக்க வேண்டும். பார்க்க வேண்டியதைப் பார்க்க வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும்.

மதிய உணவில் ஒரு சிறிய விஷயம் நடந்தது. பயணக் கட்டணத்தில் ‘பேதுரு மீன்’ சாப்பாடு ஒருவேளை அடக்கம். முழுதாகப் பொரித்துத் தட்டில் வைத்தார்கள். பார்த்ததும் எல்லோரும் ஜிலேபிக் கெண்டை என்றார்கள், அதே குடும்பத்து மீன்தான். முள் நிறைந்த ஒற்றைத் துடுப்பு முதுகு நெடுகப் போயிருந்தது. மொசைக்கில் இருந்த மீன்களுக்கு முதுகில் இரண்டு துடுப்புகள். அதை வழிகாட்டியிடம் கேட்டேன். ஓவியர் இந்த ஏரியை அறியாத வெளியூர்க்காரராக இருக்க வேண்டும் என்றும், ஆலயத்தின் பக்கத் தரைகளில் இருப்பவை நைல் நதிக்கரையின் செடிகளும் பறவைகளும் என்றும், நைலின் வெள்ளத்தை அளக்கும் கோபுரம்கூட அங்கே இருக்கிறது என்றும் சொன்னார். இத்தனை அறிந்தவர் காலையில் ஏன் அந்த ஒற்றை விளக்கத்தோடு நின்றார் என்று எனக்கு விளங்கவில்லை. கதையில் வரும் இரண்டு மீன்களோ, யோவானின் சொல்படி, ஒப்ஸாரியா. அப்பத்தோடு தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் சிறு பதார்த்தம். உப்பிட்ட சிறு மீனாக இருந்திருக்கலாம். அப்பமும் வாற்கோதுமை அப்பம், ஏழைகளின் உணவு. தட்டு நிறைந்த பொரித்த மீனைப் பார்த்துவிட்டு அந்தப் பையனின் கையில் இருந்தது எவ்வளவு குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது. ‘இவ்வளவு ஜனங்களுக்கு எம்மாத்திரம்’ என்று அந்திரேயா கேட்டதன் கூர்மை அதில்தான் இருக்கிறது. இருநூறு பணம், அதாவது கூலியாள் ஒருவரின் இருநூறு நாள் சம்பளம், போதாது என்று பிலிப்பு சொன்ன கணக்கும் அதனோடு சேர்ந்ததே.

அன்று இரவு உணவுக்குப் பிறகு, எங்களில் சிலர் கேட்டுக்கொண்டதற்காக, வழிகாட்டி விடுதி வரவேற்பறையில் ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தார். ஒப்பந்தத்தில் இல்லாத நேரம் அது. இந்த மதிப்பீட்டில் நான் தரும் மதிப்பெண்ணை அந்த ஒரு மணி நேரம்தான் உயர்த்தியது. இந்த முறை குருவானவர் வேதத்தைத் திறந்து மாற்குவையும் யோவானையும் தமிழில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வழிகாட்டி, தாம் காலையில் சொன்னது ஒரு சாராரின் கருத்து என்று ஒப்புக்கொண்டார். இடத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசினார்: லூக்கா பெத்சாயிதாவைச் சொல்கிறார், அது ஏரியின் வடகிழக்குப் பக்கம், தப்கா பக்தர்களின் நினைவு தேர்ந்தெடுத்த இடம், அது அங்கேதான் நடந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. யாரும் இதனால் மனம் உடையவில்லை. எலிசா தீர்க்கதரிசி இருபது வாற்கோதுமை அப்பங்களால் நூறு பேரைப் போஷித்த கதை இரண்டாம் ராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் இருப்பதை ஒருவர் எடுத்துக்காட்டினார். சிறியதைச் சொல்லிப் பெரியதற்கு அழைத்துப் போகிறார்கள் என்று குருவானவர் விளக்கினார். பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் யோவான் சுவிசேஷத்துக்குத் தந்த உரையைப் பற்றி நான் சொன்னேன்: சில விதைகளிலிருந்து ஆண்டுதோறும் வயல் நிறைய விளைவிப்பது ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததைவிடப் பெரிய அற்புதம், தினமும் நடப்பதால் நாம் வியப்பதில்லை என்பார் அவர், அழகான கையெழுத்தைப் பார்த்துப் புகழ்வதோடு நிற்காமல் அதை வாசிக்கவும் வேண்டும் என்றும் சொல்வார்.

யோவான் இதை ‘அடையாளம்’ என்று அழைப்பதற்கும் அதுவே காரணம். பழைய தமிழ் வேதாகமம் அந்த இடங்களில் அற்புதம் என்கிறது; கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் ‘அரும் அடையாளம்’ என்கிறது. அன்றிரவு இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தபோது யோவான் 6:26 புதிதாகக் கேட்டது. அப்பம் புசித்துத் திருப்தியானதினால் என்னைத் தேடுகிறீர்கள், அடையாளத்தைக் கண்டதினால் அல்ல என்று அவர் கடிந்துகொள்கிறார். அப்பத்தை உண்டவர்கள் அவரைப் பிடித்து ராஜாவாக்க முயன்றபோது அவர் தனியே மலைக்கு விலகிப் போனதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. பகிர்வு என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், வல்லமை என்ற வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அந்த மலைக்கு நாம் அவரோடு போவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ‘நீங்களே அவர்களுக்குப் போஜனங்கொடுங்கள்’ என்ற கட்டளை அற்புதத்துக்கு முன்னால், கையில் ஒன்றுமில்லாதபோது தரப்படுகிறது. பகிர்வு விளக்கத்தை விரும்புகிறவர்கள் தேடும் பாடம் அங்கே ஏற்கனவே இருக்கிறது. அதற்காக அற்புதத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு மூன்றரை. காலையோடு முடிந்திருந்தால் இரண்டு. இதே நிறுவனத்தில் மறுபடியும் போவேன், ஆனால் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொண்டு போவேன். தப்காவுக்குக் குறைந்தது ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குவீர்களா? விளக்கத்துக்கு முன் தாய்மொழியில் வேத வாசிப்பு உண்டா? மொழிபெயர்க்கிறவருக்கும் வழிகாட்டிக்கும் கருத்து வேறுபட்டால், இருவரும் சொல்வதைக் கேட்கும் உரிமை பயணிகளுக்கு உண்டா? மாலையில் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே சேர்ப்பீர்களா? நிறுவனம் எங்களிடம் கருத்துப் படிவம் தந்தபோது இவற்றை எழுதிக் கொடுத்தேன். அடுத்த குழுவின் அட்டவணையில் வேத வாசிப்பு சேர்க்கப்பட்டதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார்கள்.

போகிறவர்கள் கூடுமானால் யூதரின் பஸ்கா பண்டிகையை ஒட்டிய வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். யோவான் பஸ்கா சமீபமாயிருந்தது என்கிறார், மாற்கு புல் பச்சையாக இருந்தது என்கிறார். இரண்டும் ஒரே பருவம். நாங்கள் போனபோது ஆலயத்துக்குப் பின்னால் ஏரிவரை புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. புறப்படும் அவசரத்திலும் அந்த நாசரேத்து அம்மா ஐந்து நிமிடம் அதில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார். மே மாதத்தில் அது காய்ந்து பழுப்பாகிவிடும் என்று ஓட்டுநர் சொன்னார்.